காரின் விசிறி நின்றுவிட்டதா? முதலில் ரிலேயைப் பாருங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் தில்லியில் கார் வைத்திருக்கும் நம்மவர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பிக்கும். "ரிங் ரோட்டில் ஓடும்போது ஒன்றும் இல்லை சார், ஆசிரமம் சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் முள் மேலே ஏறுகிறது" என்பார் ஒருவர். "காலையில் ஆபீஸ் போகும்போது சரியாக இருக்கிறது, மாலையில் திரும்பும்போதுதான் கொதிக்கிறது" என்பார் இன்னொருவர். நான் மின்சாரப் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மோட்டார் மெக்கானிக் அல்ல. ஆனாலும் இந்த ஒரு கோளாறு மட்டும் மெக்கானிக்கை விட மின்சாரக்காரனுக்கே சொந்தமானது என்பதால் இதை எழுதத் துணிகிறேன்.

மேலே சொன்ன இரண்டு பேச்சிலுமே நோயின் பெயர் ஏறக்குறைய இருக்கிறது. ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் சூடேறுகிறது என்றால், தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கிறது, ரேடியேட்டரும் வேலை செய்கிறது, காற்றுதான் போதவில்லை என்று அர்த்தம். கார் ஓடினால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். நின்றுவிட்டால் அந்தக் காற்றை ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் மின்விசிறிதான் இழுத்துத் தர வேண்டும். அது சுற்றவில்லை என்றால் சிக்னலுக்குச் சிக்னல் கொதிப்புதான்.

பழைய அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றின் விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும். எஞ்சின் ஓடுகிற வரையில் விசிறி ஓடும், பெல்ட் அறுந்தால் மட்டுமே நிற்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்தபோது கதை மாறியது. முன்சக்கரங்களால் ஓடும் அந்தச் சின்னக் காரில் எஞ்சினைக் குறுக்காக வைத்தார்கள். குறுக்காக வைத்த எஞ்சினின் பெல்ட் பக்கவாட்டில் போய்விடுவதால், முன்னால் இருக்கும் விசிறியை அதனால் சுற்ற முடியாது. ஆகவே விசிறிக்குத் தனியாக ஒரு மின்மோட்டார். இன்று நாம் ஓட்டும் சிறிய கார்கள் எல்லாமே பெரும்பாலும் இந்த வம்சம்தான். இதில் நன்மையும் உண்டு. வேண்டாத நேரத்தில் விசிறி சும்மா கிடப்பதால் பெட்ரோல் மிச்சம். கூலண்ட்டின் சூடு பல கார்களில் 95 டிகிரியைத் தாண்டி 100ஐ நெருங்கும்போதுதான் விசிறி கிளம்பும். சில டிகிரி இறங்கியதும் நின்றுவிடும். ஏ.ஸி. போட்டால் சூட்டைப் பார்க்காமலே கிளம்பும்.

இந்தக் கிளப்புதலையும் நிறுத்துதலையும் செய்கிறவர்தான் நம் கதாநாயகர், தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு கறுப்புப் பெட்டி. பெயர் ரிலே.

ரிலே என்றால் என்ன என்று தில்லித் தமிழர்களுக்கு விளக்குவது எளிது. தில்லியில் வாசிக்கப்பட்ட தமிழ்ச் செய்தியைத் தமிழ்நாட்டு வானொலி நிலையங்கள் 'டெல்லி அஞ்சல்' என்று ஒலிபரப்பிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தில்லியில் பேசியவரின் குரல் ஊர் ஊராகத் தன் சொந்த பலத்தில் போய்ச் சேரவில்லை. அது வந்து சொன்னதைத் திருச்சி நிலையம் தன் மின்சாரத்தைக் கொண்டு, தன் கோபுரத்தின் வழியாகப் பெரிதாக்கிச் சொன்னது. அந்த அஞ்சலுக்கு ஆங்கிலப் பெயர்தான் ரிலே. காரிலும் அப்படியே. சூட்டை அளந்து முடிவெடுக்கும் கம்ப்யூட்டர் மிக மெல்லிய மின்சாரத்தைத்தான் தாங்கும். விசிறி மோட்டாரோ 10 முதல் 20 ஆம்பியர் வரை கேட்கும்; கிளம்பும் நொடியில் அதற்கும் மேலே கேட்கும். அவ்வளவையும் கம்ப்யூட்டர் வழியாக விட்டால் அது கருகிவிடும். எனவே கம்ப்யூட்டர் ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளுக்கு ஏறக்குறைய 0.15 ஆம்பியர் மட்டும் விடுகிறது. சுருள் காந்தமாகி ஒரு சிறு தகட்டை 'டிக்' என்று இழுக்கிறது. தகடு போய் ஒட்டியதும் பேட்டரியின் முழு மின்சாரமும் விசிறிக்குப் பாய்கிறது. அவ்வளவுதான் அதன் உள்விவரம்.

இந்தத் தகடு ஒட்டும்போதும் பிரியும்போதும் நுனியில் ஒரு பொறி பறக்கும். ஸ்விட்சை அணைக்கும்போது சில வீடுகளில் உள்ளே நீலமாகத் தெரியுமே, அதே பொறிதான். தில்லிக் கோடையில் ஏ.ஸி. போட்டு ஊர்ந்து போகும் காரில் நிமிடத்துக்கு ஒரு முறை விசிறி கிளம்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 2 மணி நேரப் பயணத்தில் 120 முறை. 5 மாதக் கோடையில் 18,000 முறை. ஒவ்வொரு பொறியும் தகட்டு நுனியில் ஒரு பொட்டு அரிக்கிறது. சில வருடங்களில் நுனி கருகி, மின்சாரம் போக வழியில்லாமல் போகிறது. அப்போது 'டிக்' சத்தம் கேட்கும், விசிறி சுற்றாது. சில சமயம் சுருளே அறுந்துவிடும்; அப்போது சத்தமும் கேட்காது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. பொறியின் சூட்டில் தகடு உருகி எதிர்முனையோடு ஒட்டிக்கொண்டுவிடும். அப்படியானால் சாவியை எடுத்த பிறகும் விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்; காலையில் பார்த்தால் பேட்டரி காலி. "புது பேட்டரி போட்டும் நிற்கவில்லை" என்று புலம்புகிறவர்கள் இரவில் ஒரு முறை பானட் அருகே போய்க் காதைக் கொடுத்துக் கேட்பது நல்லது. வண்டியை நிறுத்திய பின் சில நிமிடங்கள் விசிறி ஓடுவது பல கார்களில் இயல்புதான். அரை மணி நேரத்துக்குப் பிறகும் ஓடினால் இயல்பல்ல.

சென்ற ஜூனில் எங்கள் அடுக்ககத்தில் நடந்ததைச் சொன்னால் இதில் என்ன பணம் போகிறது என்று புரியும். மூன்றாவது மாடியில் ஒரு தஞ்சாவூர்க் குடும்பம். கணவர் வேலை நிமித்தம் பாதி மாதம் வெளியூரில் இருப்பார். மனைவி பள்ளி ஆசிரியை, காரை ஓட்டுவது அவர்தான். மாமியாரை அழைத்துக்கொண்டு ஹரித்துவார் போக ஏற்பாடு செய்திருந்தார்கள். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு பணிமனைக்குக் கொண்டு போனார். ரேடியேட்டர் போய்விட்டது, விசிறியை மோட்டாரோடு மாற்ற வேண்டும், ஹெட்டையும் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று எழுதிக் கொடுத்தார்கள். மொத்தத் தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பயணத்தை ரத்து செய்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டே என்னிடம் அந்தத் தாளைக் காட்டினார்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "சிக்னலில் நிற்கும்போது ஏ.ஸி. எப்படி இருக்கிறது?"

"அதை ஏன் கேக்கறேள் மாமா, ரெண்டு வாரமாவே நின்னா சூடா காத்து வர்றது, வண்டி கிளம்பினா ஜில்லுனு ஆயிடறது. கேஸ் கொறஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

இது மிக முக்கியமான அடையாளம், பலரும் கவனிப்பதில்லை. ஏ.ஸி.யின் கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. அதற்கும் காற்று இழுத்துத் தருவது பெரும்பாலும் இதே விசிறிதான். ஆகவே விசிறி நின்றால் எஞ்சின் கொதிப்பதற்கு முன்பே ஏ.ஸி. முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் கேஸ் நிரப்பப் போகாதீர்கள், விசிறியைப் பாருங்கள்.

கீழே போய்ப் பார்த்தோம். கூலண்ட் அளவு சரியாக இருந்தது. ஏ.ஸி. போட்டால் 'டிக்' கேட்டது, விசிறி அசையவில்லை. ஹாரனுக்கும் அதே வகை ரிலே. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதும் விசிறி பெரும் இரைச்சலோடு கிளம்பியது; ஹாரன் ஊமையாகிவிட்டது. நோய் ரிலேயோடு சேர்ந்தே இடம் மாறியதால் அதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. புது ரிலே சில நூறு ரூபாய். ஹரித்துவார் போய் வந்து கங்கை ஜலமும் கொடுத்தார்கள். பணிமனைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். கழற்றிப் பார்ப்பதை விட மாற்றிப் போடுவது அவர்களுக்குச் சுலபம், செலவு நம்முடையதுதானே.

ஆனால் ஒன்று. ரிலே மலிவு என்பதால் இந்தக் கோளாறும் சின்னது என்று எண்ணிவிடக் கூடாது. அந்த அம்மா சிவப்பு விளக்கு எரிந்த உடனே வண்டியை ஓரம் கட்டினார். அதனால்தான் சில நூறில் முடிந்தது. 'இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டியிருந்தால் அலுமினிய ஹெட் வளைந்து, காஸ்கெட் எரிந்து, செலவு பல்லாயிரத்துக்குப் போயிருக்கும். இப்போது வரும் பல கார்களில் வெப்பம் காட்டும் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் மௌனம். முள் இருந்த காலத்தில் கிடைத்த முன்னறிவிப்பு இன்று இல்லை. ஏ.ஸி. தரும் அடையாளத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இனி, நீங்களே சோதிப்பது எப்படி என்று பார்ப்போம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆரம்பியுங்கள். தளர்ந்த சட்டை நுனி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் முன்பக்கம் தொங்கக் கூடாது. விசிறி முன்னறிவிப்பில்லாமல் கிளம்பும். சில கார்களில் சாவி இல்லாமலும் கிளம்பும். விரலை அதன் இறக்கைப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். முதலில் கூலண்ட் தொட்டியில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் அது வேறு கதை, எங்கோ ஒழுகுகிறது. அளவு சரியென்றால் எஞ்சினைக் கிளப்பி ஏ.ஸி.யை முழுக் குளிர்ச்சியில் வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். விசிறி நன்றாகச் சுற்றியும் வண்டி கொதிக்கிறது என்றால் ரிலே நிரபராதி. ரேடியேட்டர் இடுக்குகளில் ஆந்திப் புழுதி அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். அதை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

விசிறி சுற்றவில்லை என்றால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறவுங்கள். மூடியின் உட்புறத்திலோ காரோடு வந்த புத்தகத்திலோ எது எதன் ஃபியூஸ், எது எதன் ரிலே என்று படம் இருக்கும். அந்தப் புத்தகம் நம் வீடுகளில் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருப்பது வழக்கம், இதற்காவது பிரியுங்கள். விசிறியின் ஃபியூஸ் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் ஒன்று போடுங்கள். அதுவும் உடனே அறுந்தால் மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது ஒயர் எங்கோ உரசுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

ஃபியூஸ் சரியென்றால் இடமாற்றச் சோதனை. பெட்டியிலேயே அதே எண் அச்சிட்ட, அதே கால்கள் கொண்ட இன்னொரு ரிலே அநேகமாக இருக்கும். ஹாரனுடையதாகவோ பனி விளக்கினுடையதாகவோ இருந்தால் எடுக்கலாம். எரிபொருள் பம்ப், எஞ்சின் என்று எழுதியிருப்பவற்றின் மேல் கை வைக்காதீர்கள். நேராக மேலே இழுங்கள். இடுக்கியால் நசுக்கினால் உறை உடையும். மாற்றிப் போட்டு மறுபடி ஏ.ஸி. போட்டுப் பாருங்கள். விசிறி சுற்றினால் தீர்ந்தது. ஹாரனின் ரிலேயை அங்கேயே விட்டுவிட்டு நாள்கணக்கில் ஓட்டலாமே என்று கேட்காதீர்கள். சட்டப்படி ஹாரன் வேண்டும். அது தவிர, ஹாரன் இல்லாமல் தில்லியில் ஒரு தெரு தாண்டுவது எப்படி என்று எனக்குத் தெரியாது!

இடம் மாற்றியும் சுற்றவில்லை என்றால் கோளாறு மோட்டாரிலோ, ஒயரிலோ, சூடு அளக்கும் சென்ஸரிலோ இருக்கலாம். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் மேலும் ஒரு படி போகலாம். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 85க்கும் 86க்கும் நடுவில்தான் சுருள். மீட்டரில் 70 முதல் 100 ஓம் வரை காட்டினால் பெரும்பாலும் சுருள் நலம், எல்லையில்லாமல் காட்டினால் அறுந்தது. 30இல் பேட்டரி மின்சாரம் வருகிறது, 87 வழியாக விசிறிக்குப் போகிறது. சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்து 'டிக்' என்றதும் 30க்கும் 87க்கும் நடுவில் ஏறக்குறைய சுழி ஓம் காட்ட வேண்டும். ஆனால் மீட்டரில் சரியாகக் காட்டிவிட்டு, விசிறியின் பாரத்தைத் தாங்க முடியாமல் விழும் ரிலேக்களும் உண்டு. அதனால் எனக்கு மீட்டரை விட இடமாற்றச் சோதனையில்தான் நம்பிக்கை. சில ரிலேக்களில் சுருளோடு ஒரு டையோடு சேர்ந்திருக்கும். அதில் 85, 86ஐத் தலைகீழாக இணைத்தால் வீணாகும் என்பதால் படத்தைப் பார்த்தே கை வையுங்கள்.

புது ரிலே வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கஷ்மீரி கேட்டில் கிடைக்காத உதிரிபாகம் இல்லை. அசலைப் போலவே அச்சடித்த போலியும் அங்கே குறைவில்லை. விசிறிக்கு மட்டுமாவது கார் கம்பெனியின் உதிரிபாகக் கடையிலேயே ரசீதோடு வாங்கிவிடுங்கள். எண், வோல்ட், ஆம்பியர், கால்களின் அமைப்பு நான்கும் ஒத்திருக்க வேண்டும். கால்கள் பொருந்துகின்றன என்பதற்காக 40 ஆம்பியர் இருந்த இடத்தில் 20ஐச் செருகாதீர்கள். பேட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றிவிட்டு, ரிலே உட்காரும் குழிகளை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைப் பூப்பு இருந்தால் மழைத் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. அந்தக் குழியைச் சரி செய்யாமல் புது ரிலேயைச் செருகினால் அதுவும் வெந்துவிடும். அப்படியே அழுத்திச் செருகி, ஒயரை மாட்டி, ஏ.ஸி. போட்டு ஒரு முறை, பின்பு ஏ.ஸி. இல்லாமல் எஞ்சினை நிறுத்தி வைத்த இடத்திலேயே ஓடவிட்டு ஒரு முறை விசிறி தானாகக் கிளம்பி நிற்பதைப் பார்த்துவிடுங்கள். ஏ.ஸி.க்கு மட்டும் கிளம்பி, சூட்டுக்குக் கிளம்பாத கார்களும் உண்டு. சிலவற்றில் இரண்டுக்கும் தனித்தனி ரிலேக்கள்.

மாற்றிய ரிலே ஒரு மாதத்துக்குள் மறுபடி போனால் ரிலேயைத் திட்டிப் பயனில்லை. விசிறி மோட்டார் தேய்ந்து, இறுக்கமாகச் சுற்றி, அளவுக்கு மேல் ஆம்பியர் இழுக்கிறது. அப்போது மோட்டாரை மாற்றச் சொன்னால் மறுக்காதீர்கள்.

எல்லாக் கார்களுக்கும் இந்த வைத்தியம் செல்லாது. சில புதிய கார்களில் ரிலேக்குப் பதில் விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுப் பெட்டி இருக்கிறது; சிலவற்றில் ரிலேயை ஃபியூஸ் பெட்டிக்குள்ளேயே பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் நாம் செய்ய ஒன்றுமில்லை. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் அதில் உயிர் போக்கும் மின்னழுத்தம் இருக்கும். அங்கே பானட்டை மூடிவிட்டுப் போன் செய்வதுதான் முறை.

பணிமனையில் இந்தியில் பேசத் தயங்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இரண்டு வாக்கியம் போதும். "பங்கா நஹீ சல் ரஹா" என்றால் விசிறி சுற்றவில்லை. "பெஹ்லே ரிலே பதல்கர் தேக்கியே" என்றால் முதலில் ரிலேயை மாற்றிப் பாருங்கள். இரண்டாவதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் உங்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்பார். அப்புறம் எழுதும் தாளில் எழுத்து சிறியதாகிவிடும்.

வழியில் நடந்தால் என்ன செய்வது? முள் ஏற ஆரம்பித்ததும் ஏ.ஸி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். ஜூன் மாதத்தில் ஹீட்டரா என்று குழந்தைகள் அலறுவார்கள். ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். எஞ்சின் சூட்டைக் காருக்குள் இறக்கிக் கொஞ்ச நேரம் காப்பாற்றும். ஜன்னல்களைத் திறந்துகொள்ளுங்கள். முன்னால் சாலை காலியாக இருந்தால் நிற்காமல் மிதமான வேகத்தில் போவது நின்றுகொண்டிருப்பதை விட நல்லது. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் அதன் பிறகு ஒரு அடியும் வேண்டாம். ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தி, பெரியவர்களையும் குழந்தைகளையும் இறக்கி நிழலில் உட்காரவையுங்கள். பக்கத்து டாபாவிலிருந்து யாராவது அன்போடு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். கொதிக்கும் எஞ்சின் மேல் அதை ஊற்றவிடாதீர்கள்; உலோகம் வெடிக்கும். ரேடியேட்டர் மூடியையும் திறக்கவிடாதீர்கள். மூடி கொடுக்கும் அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம், வெயில் கடுமையாக இருந்தால் ஒரு மணி நேரம், அது தானாக ஆறட்டும். மேல் குழாயைத் துணியோடு தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்திருந்தால், பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டு வீடு வந்து சேரலாம்.